மூன்றாம் தரப்பு ஜிசிசி பில்டை நம்பி வணிகப் பயன்பாட்டை வெளியிடலாமா?

நிரல்நாடோடி:
சி++ மொழியில் எழுதிய விண்டோஸ் பயன்பாடு ஒன்றை, மூலநிரலை வெளியிடாமல் விற்பனைக்குக் கொண்டுவர இருக்கிறோம். தனிநபர் ஒருவர் பில்ட் செய்து (மூலநிரலை இயங்கும் பைனரியாக மாற்றி) சிப் கோப்பாக வழங்கும் மிங்ஜிடபிள்யூ-டபிள்யூ64 ஜிசிசியைத்தான், அதாவது ஜிசிசி கம்பைலரின் விண்டோஸ் வடிவத்தைத்தான், பயன்படுத்துகிறோம். அதை நம்பலாமா, அதன் ஜிபிஎல் உரிமம் (பைனரியை விநியோகித்தால் மூலநிரலையும் தரக் கோருவது) எங்கள் நிரலையும் கட்டுப்படுத்துமா என்ற இரண்டு கேள்விகள் குழுவில் எழுந்துள்ளன.

காவலன்:
நம்பக் கூடாது என்பேன். கம்பைலரின் மூலநிரல் சுத்தமாக இருந்தாலும் அதன் பைனரி சுத்தமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் விளக்கிவிட்டார். 2015இல் எக்ஸ்கோட்கோஸ்ட் விவகாரத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்: ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடை வேறொரு தளத்திலிருந்து இறக்கிக்கொண்ட நிரலாளர்களின் செயலிகளுக்குள், அவர்கள் அறியாமலேயே தீங்கு நிரல் புகுந்து ஆப் ஸ்டோர் வரை சென்றது.

ஸ்டேஜ்3:
எக்ஸ்கோட் எடுத்துக்காட்டு இங்கே பொருந்தாது, நண்பரே. அங்கே ஆப்பிளின் அசல் கோப்பு இருந்தது. அதைத் திருத்திய பிரதியை வாங்கியதுதான் பிழை. ஜிசிசி திட்டமோ மூலநிரலை மட்டுமே வெளியிடுகிறது. விண்டோஸுக்கோ வேறெதற்கோ அது பைனரி தருவதில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் நீங்கள் நிறுவும் ஜிசிசியும் டெபியன்காரர்கள் பில்ட் செய்ததே. எனவே மூன்றாம் தரப்பு வேண்டாம் என்பவர், தாமே பில்ட் செய்துகொள்ளத் தயாராக இருக்க வேண்டும். அப்போதும் அதற்கு முதலில் ஒரு கம்பைலர் தேவைப்படும்.

காவலன்:
டெபியனையும் ஒரு சிப் கோப்பையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். டெபியனின் பில்ட் விதிகளை யாரும் படிக்கலாம், தொகுப்புப் பட்டியல் கையொப்பத்துடன் வருகிறது, அதே மூலத்திலிருந்து அதே பைனரி மீண்டும் கிடைக்கிறதா என்று வெளியாட்களும் சோதிக்கிறார்கள். இந்தச் சிப் கோப்பின் செக்சமோ (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) கோப்பு இருக்கும் அதே பக்கத்தில் இருக்கிறது. பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டுவது போன்றது அது, கோப்பை மாற்றத் தெரிந்தவருக்குச் செக்சமை மாற்ற எவ்வளவு நேரமாகும்? மேலும், ஜிசிசியை வழக்கமான முறையில் பில்ட் செய்தால் அது தன்னையே மூன்று கட்டங்களாகக் கம்பைல் செய்து, இரண்டாம், மூன்றாம் கட்ட ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிடும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குக் கிராஸ் கம்பைல் செய்த பில்டுகளில் இந்தச் சோதனை நடப்பதில்லை.

ஸ்டேஜ்3:
அந்த ஒப்பீடு தவறான கம்பைலேஷனைப் பிடிக்கும். தாம்சன் சொன்ன வகைப் பொறியை (கம்பைலர் தான் உருவாக்கும் அடுத்த கம்பைலருக்குள்ளும் நுழைக்கும் மறைநிரலை) பிடிக்காது, ஏனெனில் இரண்டு கட்டங்களிலும் ஒரே பொறிதான் இருக்கும். நடைமுறையில் ஆட்களைப் படுத்துவது பொறிகள் அல்ல, கட்டமைப்பு வேறுபாடுகளே. ஜிசிசியை -வி தெரிவுடன் இயக்கிப் பாருங்கள்: த்ரெட் மாடல் (ஒரே நிரலில் பல பணிகளை இணையாக இயக்கும் முறை) போசிக்ஸா வின்32ஆ என்பதும், எந்தெந்தத் தெரிவுகளுடன் பில்ட் செய்யப்பட்டது என்பதும் தெரியும். ஜிசிசி 13க்கு முந்தைய வின்32 மாடல் பில்டுகளில் சி++இன் த்ரெட் வகுப்பே கிடையாது. விண்டோஸின் சி ரன்டைம் நூலகங்களில் பயன்பாடு புதிய யுசிஆர்டியையும், அது பயன்படுத்தும் டிஎல்எல் பழைய எம்எஸ்விசிஆர்டியையும் சார்ந்திருந்தால், ஒன்று ஒதுக்கிய நினைவகத்தை மற்றொன்று விடுவிக்கும்போது நிரல் முறிந்துவிடலாம், ஆனால் பிழை உங்கள் நிரலில் இருப்பது போலவே தோன்றும்.

உரிமக்காரர்:
உரிமக் கேள்வியை இருவரும் தொடவில்லை. ஜிபிஎல் கம்பைலரால் கம்பைல் செய்வதாலேயே உங்கள் நிரல் ஜிபிஎல்லுக்குள் வந்துவிடாது. உங்கள் பைனரிக்குள் கலக்கும் ஜிசிசியின் துணை நூலகங்களான லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++ ஆகியவற்றுக்கு 2009 முதல் ஜிபிஎல் 3ஆம் பதிப்புடன் ரன்டைம் நூலக விலக்கு (மூடிய நிரலிலும் அவற்றை இணைக்க அனுமதிப்பது) இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, இங்கேதான் பில்ட் யாருடையது என்பது பொருட்படும்: ஜிசிசி கம்பைல் செய்யும்போது நடுவே உருவாக்கும் இடைநிலை வடிவத்தை ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாத மென்பொருள் ஒன்று வாங்கிச் செயலாக்கினால், அந்த வழியில் உருவான நிரலுக்கு விலக்கு கிடைக்காது. மூலநிரல் தராத ஆப்டிமைசரை (நிரலை வேகப்படுத்தும் கருவியை) சேர்த்த பில்டை விலையின்றிக் கொடுத்தாலும் தொடாதீர்கள். போசிக்ஸ் மாடலில் வரும் வின்பித்ரெட்ஸ் நூலகம் ஜிபிஎல் அல்ல. ஆனாலும் ஸ்டாட்டிக்காக இணைத்தால்கூட அதன் பதிப்புரிமை அறிவிப்பை உங்கள் தயாரிப்போடு தர வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கம்பைலரையே உங்கள் இன்ஸ்டாலருக்குள் வைத்து அனுப்பினால் கதை வேறு. அப்போது நீங்களும் விநியோகிப்பவர். அதற்குரிய மூலநிரல், பேட்சுகள், பில்ட் ஸ்கிரிப்டுகள் அனைத்தும் பயனருக்குக் கிடைப்பது உங்கள் பொறுப்பு. மூலநிரல் இன்னொருவர் சர்வரில் இருக்கலாம்தான், ஆனால் அது மறைந்தால் அவரைக் காட்டித் தப்ப முடியாது.

நிரல்நாடோடி:
கம்பைலரை நாங்கள் அனுப்புவதில்லை. ஆனால் இப்போது சிப் கோப்பைத் திறந்து பார்த்தேன்: பேட்சுகள் இருக்கின்றன, பில்ட் ஸ்கிரிப்ட் இல்லை, தளத்திலும் காணவில்லை.

உரிமக்காரர்:
அப்படியானால் ஜிபிஎல் 3இன் 6ஆம் பிரிவை அவர்தான் நிறைவேற்றவில்லை. விநியோகிக்காத உங்களுக்கு அதனால் உரிமச் சிக்கல் வராது. ஸ்கிரிப்டைக் கேட்டு ஒரு மடல் எழுதுங்கள்.

ஸ்டேஜ்3:
ஸ்கிரிப்ட் இல்லையென்றால் நானும் அந்தப் பில்டுக்காக வாதாட மாட்டேன். விண்டோஸுக்கு ஜிசிசியைத் தொகுத்து வழங்கும் எம்சிஸ்2 திட்டத்தின் பில்ட் விதிகள் பொதுவில் உள்ளன. யுசிஆர்டி சூழலுக்கு மாறி, நீங்கள் சார்ந்துள்ள எல்லா நூலகங்களையும் அதிலேயே மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

காவலன்:
மாறும்போது பதிப்பை உறையவைத்து, அந்தத் தொகுப்புகளின் நகலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். தனிநபர் பில்ட் குறித்த என் கருத்தில் மாற்றமில்லை.