புதுப்பிப்பு: குளச்சல் ஷெட்டில் எட்டு மாதம் கிடந்த அம்பாசடர்

போன மே மாதம் கேட்டிருந்தேன்: அப்பாவின் 1984 அம்பாசடரைக் கடலோர வீட்டு ஷெட்டில் விட்டுவிட்டு மஸ்கட் போகிறேன், துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) வடகிழக்கு மழையும் முடிந்து, இந்த ஜனவரியில் வந்து உறையைத் தூக்கிப் பார்த்தேன்.

வெளிப்பக்கம் தப்பித்தது. தார்ப்பாய் வேண்டாம், ஈரம் உள்ளேயே வேர்த்து நிற்கும், பருத்தி உறை போடுங்கள் என்றவர்களுக்கு ஒரு கும்பிடு. கிளம்பும் முன் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, மெழுகு ஸ்ப்ரே அடித்திருந்தேன். கடல் காற்றில் படிந்த உப்பை உள்ளே வைத்து மெழுகு பூசினால் துருவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை அடைப்பில்லாமல் கம்பியால் குத்தி விட்டதும் பலன் தந்தது.

கோட்டை விட்டது காருக்குள் கால் வைக்கும் தளத்தில். ரப்பர் மேட்டை எடுக்க மறந்துவிட்டேன். அதன் அடியில் இருந்த சணல் விரிப்பு ஈரத்தைக் குடித்து, டிரைவர் பக்கத் தகடு உள்ளங்கை அகலத்துக்குச் செதில் செதிலாக வந்துவிட்டது. வெட்டி எடுத்து வெல்டிங் வைக்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கையும் போட்டபடியே விட்டிருக்கிறேன்! பின் சக்கரங்களின் பிரேக் டிரம் இரண்டிலும் பிரேக் கட்டைகள் ஒட்டிப் பிடித்துக்கொண்டன. கழற்ற ஒரு பகல் போனது.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளா? காற்று புகுந்து வரும் ஷெட்டில் அது காசுக்குக் கேடு.