கையெழுத்து வாங்கப் போய்ச் சந்தித்தவர்கள்: 2016 பார்மசி நிதிக் குறைப்பு நினைவுகள்

கவுண்டர்ப் பிள்ளை (லண்டன்):

2016-இல் நான் எம்ஃபார்ம் (இங்கே பார்மசிஸ்ட் ஆவதற்கான படிப்பு) மூன்றாம் வருடம். சனிக்கிழமைகளில் ஈஸ்ட் ஹாமில் ஒரு சின்ன பார்மசியில் கவுண்டரில் நிற்பேன். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, டிசம்பர் 17-ஆம் தேதி, அரசின் கடிதம் வெளியானது. இங்கிலாந்தின் பார்மசிகளுக்குக் கொடுத்துவந்த 280 கோடி பவுண்டில் 17 கோடியை வரும் நிதியாண்டில் குறைக்கப் போகிறார்கள். அடுத்த மாதமே அமைச்சர் அலிஸ்டேர் பர்ட், 1,000 முதல் 3,000 கடைகள் வரை மூடப்படலாம் என்றார். நாடு முழுக்க இருந்ததே சுமார் 11,700 கடைகள். படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்பதுதான் அன்று எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் இருந்த பயம். அந்தப் பயத்தில்தான் நானும் இந்தக் குறைப்பை எதிர்த்த கையெழுத்து மனுவைக் கையில் எடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை, அம்மாவுக்குத் தெரிந்த ஒரு அம்மம்மா கடைக்கு வந்தா. யாழ்ப்பாணத்து ஆள், வயது எழுபதுக்கு மேல். "கையெழுத்துத்தானே, வையடி தாறன்" என்று கண்ணாடியை எடுக்கக் கைப்பையைத் திறந்தவ, அதிலிருந்த இரண்டு மாத்திரைப் பெட்டிகளையும் எடுத்துக் கவுண்டரில் வைத்தா. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. இரண்டிலும் அம்லோடிபின், பிரஷர் மாத்திரை.

"இது ரெண்டும் போடுறீங்களா அம்மம்மா?"

"ஓம் பிள்ளை. மஞ்சள் போன மாசம் தந்தது, வெள்ளை இந்த மாசம். ரெண்டு நாளா தலை சுத்துது, காலும் வீங்கிக் கிடக்கு."

மருந்து ஒன்றுதான், கம்பெனிதான் வேறு. பெட்டியின் நிறம் மாறியதும் புது மருந்து என்று நினைத்து, மிச்சமிருந்த பழையதையும் சேர்த்துப் போட்டிருக்கிறா. நான் பார்மசிஸ்டைக் கூப்பிட்டேன். அவர் அம்மம்மாவை உட்காரவைத்து, காலைப் பார்த்து, பிரஷர் எடுத்து, எங்கே பேச வேண்டுமோ அங்கே போனில் பேசினார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்த அரை மணி நேரத்துக்கென்று கடைக்கு ஒரு பென்னி கிடையாது. கொடுத்த மருந்துக்குத்தான் கணக்கு உண்டு. கொடுக்காமல் நிறுத்திய மருந்துக்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை. எதற்காக இந்த மனு என்று எனக்கே அன்றுதான் விளங்கியது.

அப்போது மனுவோடு நின்றவர்கள் இங்கே இன்னும் சிலர் இருப்பீர்கள். யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்கள்.

பிராட்ஃபோர்ட் மழை:

நான் வேலை பார்த்த கடைக்குத் தினமும் ஒருவர் மெத்தடோன் குடிக்க வருவார். ஹெராயினிலிருந்து வெளியே வர முயல்கிறவர், அதற்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்துதான் மெத்தடோன். பார்மசிஸ்டின் கண் முன்னால் குடிக்க வேண்டும், அவருக்கு அதுதான் விதி. தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால், அவருக்குச் சிகிச்சை கொடுக்கும் இடத்தைக் கேட்காமல் நாலாம் நாள் கொடுக்க முடியாது. உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவே உயிரை எடுத்துவிடலாம்.

கவுண்டரில் மனுத் தாளைப் பார்த்தவர், "என் கையெழுத்தும் செல்லுமா?" என்று கேட்டார். செல்லும் என்றேன். அவருக்குக் கை நடுங்கியது. முகவரிக் கட்டத்தில் விடுதியின் பெயரை எழுதினார். பிறகு, வாரத்தில் ஆறு நாள் தன் முகத்தைப் பார்த்து "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்கும் இடம் இது ஒன்றுதான் என்றார். நான் பதில் எதுவும் சொல்லவில்லை, அப்போது எனக்கு வயது இருபது. இன்று சொல்வேன் என்றும் நிச்சயமில்லை.

அதே மேஜையில் இன்னொருவர். வேலைக்குப் போகும் பெண், மருந்துச்சீட்டில் மூன்று மருந்து. அப்போது ஒரு மருந்துக்குக் கட்டணம் 8 பவுண்டு 40 பென்னி. "இதில் எதை விடலாம்?" என்று கேட்டார். 104 பவுண்டு முன்பணம் கட்டினால் வருடம் முழுக்க எத்தனை மருந்தும் வாங்கலாம் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது. பார்மசிஸ்ட்தான் படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.

லெஸ்டர் தம்பி:

எனக்கு நினைவிருப்பது கையெழுத்துப் போட மறுத்தவர். "இந்தத் தெருவில் நாலு கெமிஸ்ட் இருக்கிறது. நாலுக்கும் என் வரிப்பணம் எதற்கு?" என்று நிதானமாகக் கேட்டார். அரசும் அதையேதான் சொன்னது: பத்து நிமிட நடைக்குள் மூன்றோ அதற்கு மேலோ கடைகள் இருக்கிற இடங்களில்தான் நாட்டின் 40 சதவீதப் பார்மசிகள் இருக்கின்றன என்று. நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை.

இப்போது இருக்கிறது. டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இலேயே கணக்கெடுத்திருந்தார்கள்: இங்கிலாந்து மக்களில் 89 சதவீதம் பேருக்கு இருபது நிமிட நடையில் ஒரு பார்மசி உண்டு. மிக ஏழைப் பகுதிகளில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே உண்டு. வறுமை கூடிய இடங்களில் ஜிபி (குடும்ப மருத்துவர்) கிடைப்பதுதான் கஷ்டம். நெருக்கமாகக் கடைகள் இருந்த தெருக்களில் பல, நோயும் நெருக்கமாக இருந்த தெருக்கள். ஆனால் 2016 அக்டோபர் 20-ஆம் தேதி இறுதி முடிவை அறிவித்தபோது அரசு கொடுத்த பாதுகாப்பு, அடுத்த கடையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளி இருந்தவற்றுக்குத்தான். ஊர்ப்புறக் கடைகளுக்கு அது நல்லது, மறுக்கவில்லை. நகரத்து ஏழைத் தெருக்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குள் வரவே இல்லை. மாதம் 2,500 மருந்துக்கு மேல் கொடுக்கும் கடைகளுக்கு வருடத்துக்குச் சுமார் 25,000 பவுண்டு நிலையான தொகை வந்துகொண்டிருந்தது. அதையும் படிப்படியாக நிறுத்தினார்கள். சின்னக் கடைக்கு அது ஒருவரின் சம்பளம்.

கிளாஸ்கோ அண்ணா:

ஸ்காட்லாந்தில் சுகாதாரம் தனி நிர்வாகம் என்பதால் இந்த வெட்டு எங்களுக்கு வரவில்லை. இங்கே சின்ன நோய்களுக்குப் பார்மசியிலேயே இலவச மருந்து கொடுக்கும் திட்டம் 2006-இலிருந்தே நடந்துகொண்டிருந்தது. லண்டன் நண்பர்கள் போன் செய்து புலம்பும்போதெல்லாம் எனக்குப் பேசவே வாய் வராது.

கவுண்டர்ப் பிள்ளை (லண்டன்):

எழுதிய எல்லோருக்கும் நன்றி. அந்த மறுத்தவரைப் போல என்னிடமும் இரண்டு பேர் கேட்டார்கள், தம்பி. நானும் முழித்தேன்.

2016 மே 24-ஆம் தேதி, 18 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் டவுனிங் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தன. அதில் அம்மம்மாவின் கையெழுத்தும் உண்டு, தமிழில் போட்டது. டிசம்பரிலிருந்து வெட்டு அமலுக்கு வந்தது: அந்த நிதியாண்டுக்கு மொத்தம் 268.7 கோடி பவுண்டு, அடுத்ததற்கு 259.2 கோடி. நீதிமன்றத்துக்குப் போன வழக்கு 2017 மேயில் தோற்றது, மேல்முறையீடு அடுத்த வருடம் ஆகஸ்டில் தோற்றது. அப்புறம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடிவிட்டன. நான் நின்ற கடையும் அதில் ஒன்று. கடைசி நாளில் அலமாரிகளைக் காலி செய்ய நானும் போயிருந்தேன்.

அம்மம்மாவுக்கு இப்போது மருந்து தபாலில் வருகிறது. நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். போன வாரம் ராத்திரி பத்து மணிக்குப் போன்: "பிள்ளை, இந்த முறை பச்சைப் பெட்டி வந்திருக்கு. இதுவும் பிரஷரோ? வெள்ளையிலயும் கொஞ்சம் மிச்சம் கிடக்கு." வீடியோவில் இரண்டையும் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

லெஸ்டர் தம்பி:

அக்கா, மிச்சப் பெட்டிகளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தப் பார்மசியில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள், அங்கே வாங்கியதாக இருக்க வேண்டியதில்லை. அவவுக்குப் பக்கத்தில் நடக்கிற தூரத்தில் இன்னும் ஒன்று இருக்கிறதா?

கவுண்டர்ப் பிள்ளை (லண்டன்):

இருக்கிறது, பஸ்ஸில் இரண்டு ஸ்டாப். சனிக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.