மறுமொழி: உயிரிக்குறிப்பானா, ஊறுகாட்டியா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். சிறுநீரகத்துக்கு நேர்ந்த கேட்டைச் சிறுநீரிலேயே சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் புரதங்களைத் (ஆங்கிலத்தில் பயோமார்க்கர்) தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு 'உயிரிக்குறிப்பான்', 'முன்னறிவிப்பான்', 'நீர்க்குறி' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. அவை எதைக் காட்டுகின்றன என்ற கேள்வியை நாம் இன்னும் தொடவே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

என் பெரியப்பாவை வயலில் கண்ணாடி விரியன் கடித்தது. மருத்துவமனையில் சேர்த்த அன்று இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு இயல்பான அளவில் இருந்தது. "கிட்னிக்கு ஒன்றும் இல்லை" என்றார்கள். வீட்டில் எல்லாரும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினோம். மூன்றாம் நாள் அவருக்கு டயாலிசிஸ் தொடங்கியது. எங்களிடம் யாரும் பொய் சொல்லவில்லை. இரத்தத்தை வடிகட்டும் வேலை குறைந்ததை அன்றைய அளவு காட்டவில்லை, அவ்வளவுதான். சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உள்ள செல்கள் அதற்குள் சிதையத் தொடங்கியிருக்க வேண்டும். செயல் குறைவது வேறு, உறுப்பே கெடுவது, அதாவது ஊறுபடுவது, வேறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த வார்டில் ஒரு தமிழ்ச் சொல் இல்லை.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. வடிகட்டுதல் குறைந்தால் அது இரத்தத்தில் தேங்கும், ஆனால் மெதுவாகத்தான் தேங்கும். வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்த பின்னும் அது இயல்பு அளவுக்குள் இருக்கக்கூடும். தசை வற்றிய முதியவர்களிடம் இன்னும் ஏமாற்றும். 2005இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் இதய அறுவை செய்துகொண்ட 71 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 20 பேருக்குச் சிறுநீரகம் ஊறுபட்டது. அந்த 20 பேரிலும் கிரியேட்டினின் உயர ஒன்று முதல் மூன்று நாள் ஆயிற்று. என்ஜிஏஎல் என்ற புரதமோ இரண்டே மணி நேரத்தில் சிறுநீரில் உயர்ந்துவிட்டது. கிம்-1 என்ற இன்னொரு புரதம் நலமான சிறுநீரகத்தில் ஏறக்குறையக் காணப்படுவதே இல்லை; நுண்குழாய்ச் செல் ஊறுபட்டால்தான் தோன்றி, அதன் வெளிப்பகுதி அறுந்து சிறுநீரில் கலக்கிறது. ஆகவே கிரியேட்டினின் காட்டுவது செயலை. கிம்-1 காட்டுவது ஊறை. நம் சொல் இந்த வேற்றுமையைச் சுமக்க வேண்டும்.

> 'உயிரிக்குறிப்பான்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

பொதுப்பெயராக இருக்கட்டும், மறுப்பில்லை. ஆனால் 'உயிரி' என்றதும் படிப்பவர் ஏதோ ஒரு கிருமியைத்தான் நினைக்கிறார். மேலும் கிரியேட்டினினும் உயிரிக்குறிப்பான்தான், கிம்-1உம் உயிரிக்குறிப்பான்தான். என் சிக்கல் அப்படியே நிற்கிறது.

'முன்னறிவிப்பான்' கூடாது. இந்தப் புரதங்கள் வரப்போவதைச் சொல்லவில்லை. நடந்துவிட்டதை, மற்றவற்றைவிட முன்னால் சொல்கின்றன.

> சித்த மருத்துவத்தின் 'நீர்க்குறி'யை ஏன் மீட்டெடுக்கக் கூடாது?

இதைப் படித்தபோது உள்ளம் துள்ளியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு அழகான சொல்! ஆனால் அது மீட்க வேண்டிய சொல் இல்லை. உயிரோடு இருக்கும் சொல். சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகியவற்றைக் கண்டறிவது நீர்க்குறி. அதில் எண்ணெய்த் துளியை விட்டு, அது பரவும் வடிவைப் பார்ப்பது நெய்க்குறி. இன்றும் சித்த மருத்துவ மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பிடுங்கி ஒரு புரதத்துக்குச் சூட்டினால், இரண்டு துறையினரும் ஒரே சொல்லால் வேறு வேறு பொருளைப் பேசுவார்கள். நாளை யாராவது 'கிம்-1 சித்தர்களுக்குத் தெரிந்ததுதான்' என்று எழுதவும் அது இடம் கொடுக்கும்.

ஆகவே என் பரிந்துரை: சிறுநீரக ஊறுகாட்டி.

ஏன் 'ஊறு'? 'காயம்' என்றால் அடிபட்டதாக நினைப்பார்கள். 'சேதம்' சரக்குக்கும் பயிருக்கும் பொருந்துகிற அளவு உடலுக்குப் பொருந்தவில்லை. 'பாதிப்பு' எல்லாவற்றையும் குறித்து எதையும் குறிக்காமல் போய்விட்டது. 'செயலிழப்பு' இங்கே அறவே தவறு. ஆங்கில மருத்துவ உலகமே 2004க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் 'திடீர்ச் செயலிழப்பு' என்ற பழைய பெயரைக் கைவிட்டு 'திடீர் ஊறு' என்ற பொருளுடைய பெயருக்கு மாறியது. நம் செய்தித்தாள்கள் இன்னும் பழைய பெயரையே அச்சிடுகின்றன. 'ஊறு' வள்ளுவர் 'ஊறொரால்' என்று ஆண்ட சொல். 'இடையூறு' என்று நாம் நாளும் சொல்லும் சொல்லிலும் இருக்கிறது.

நீர் ஊறுவதோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். குழம்பும். 'சிறுநீர் ஊறுகாட்டி' என்று எழுதிப் பார்த்தேன். சிறுநீர் ஊறுவதைக் காட்டும் கருவி போல ஒலித்தது. அதனால்தான் உறுப்பின் பெயரை முன்னால் வைக்கிறேன். அப்படி வைத்தால் வேறொரு நன்மையும் உண்டு: மாரடைப்பில் பார்க்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தை 'இதய ஊறுகாட்டி' என்று சொல்லிவிடலாம். கிரியேட்டினின் 'செயல்காட்டி' ஆகிவிடும்.

இலக்கணம் அறிந்தோர், 'ஆறு' 'ஆற்று' ஆவது போல 'ஊற்றுக்காட்டி' என்றல்லவா வர வேண்டும் என்று கேட்கலாம். 'நாடுகடத்தல்' என்கிறோமே தவிர 'நாட்டுக்கடத்தல்' என்பதில்லை. ஊறைக் காட்டுவது ஊறுகாட்டி. 'வழிகாட்டி', 'திசைகாட்டி' வரிசையில் அது இயல்பாக உட்காரும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். என்ஜிஏஎல் வெள்ளணுக்களிலும் சுரப்பதால் சிறுநீர்த் தொற்றிலும் உயரும். ஊறுகாட்டி என்று பெயர் வைத்ததாலேயே அது எப்போதும் ஊறைத்தான் காட்டுகிறது என்று விளக்கக் குறிப்பில் எழுதிவிடக் கூடாது.

எனக்குத் தீராத ஐயம் ஒன்று. டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி-7 என்ற புரத இணையை அளக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு 2014இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி தந்தது. செல் தன் பிரிதலை நிறுத்திக்கொண்டு தற்காத்துக்கொள்ளும் கட்டத்திலேயே இவை உயர்கின்றன. அது இன்னும் ஊறு அல்ல, செல்லுக்கு நேரும் அழுத்தம் (ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ்). 'அழுத்தங்காட்டி' என்றால் இரத்த அழுத்தமாகிவிடும். 'நெருக்கடிகாட்டி' என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் நிறைவாக இல்லை. நோயாளிகளுக்கான கையேட்டின் வரைவில், "ஊறுகாட்டி உயர்ந்திருக்கிறது, செயல்காட்டி இன்னும் உயரவில்லை, சிறுநீரகத்தைக் கெடுக்கும் வலிமாத்திரைகளை இப்போதே நிறுத்த வேண்டும்" என்ற வரியை என் அத்தையிடம் படித்துக் காட்டினேன். மறுகேள்வி இல்லாமல் புரிந்துகொண்டார். நெருக்கடிகாட்டி வரும் வரியில் நின்றுவிட்டார். அந்த இடத்துக்கு உங்களிடம் நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்