நாலு கார்ப் சிங்க் பண்ண டயல் கேஜா, எண்ணெய் டியூபா?

அடையாறு_400:
400 சிசி, நாலு சிலிண்டர், நாலு சிவி கார்ப் (கார்புரேட்டர்). வால்வு கிளியரன்ஸ் பார்த்தாச்சு, பைலட் ஜெட் (ஐடில்ல பெட்ரோல் வர்ற சின்னத் துளை) நாலும் சுத்தம், இன்டேக் ரப்பர்ல காத்துக் கசிவு இல்ல. ஆனா ஐடில் 1,100க்கும் 1,400க்கும் நடுவுல ஆடுது, கிளட்ச் பக்கம் கடகடன்னு சத்தம். சிங்க் பண்ணணும், அதாவது நாலு கார்ப்பும் ஒரே அளவு வாக்குவம் காட்டுற மாதிரி சமப்படுத்தணும். மூணு வழி யோசிச்சு வெச்சிருக்கேன்: நாலு டயல் வாக்குவம் கேஜ் செட், வெளிநாட்டுலேர்ந்து மார்கன் கார்ப்டியூன், இல்லேன்னா டியூப்ல 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் ஊத்தி நாமே செய்றது. மேனுவல்படி சிலிண்டர்களுக்கு நடுவுல வித்தியாசம் 20 மிமீ பாதரசத்தைத் தாண்டக் கூடாது. எதை வாங்கட்டும்?

கொளத்தூர்_கார்ப்:
கேஜுல காசைப் போடாதீங்க. எங்க ஏரியா மீன் தொட்டிக் கடைகள்ல ஏர் பம்புக்குப் போடுற டியூப் கிடைக்கும், உள்விட்டம் 4 மிமீ. அஞ்சு மீட்டர் வாங்கி, அஞ்சடிப் பலகையில ‘ப’ எழுத்து மாதிரி கட்டுங்க, ரெண்டு முனையும் ரெண்டு சிலிண்டரோட இன்டேக் போர்ட்டுக்குப் போகணும்; வாக்குவம் அதிகமான பக்கம் எண்ணெய் ஏறும். ரெண்டு கால்லயும் 70 செ.மீ. உயரம் வர்ற அளவுக்கு 2டி ஆயில். காத்துக் குமிழ் எல்லாம் மேல வர்ற வரைக்கும் விட்டுடுங்க.

1 செ.மீ. பாதரச வித்தியாசம் எண்ணெய்ல 15 செ.மீ.க்கு மேல தெரியும். உங்க 20 மிமீங்கிறது இதுல ஒரு அடிக்கும் மேல. ரெண்டு பக்கமும் ஒரே எண்ணெய், அதனால அளவு தப்ப வழியே இல்ல. நாலு கார்ப்ல பெரும்பாலும் மூணு ஸ்குருதான்: 1-2, 3-4, கடைசியா நடு ஸ்குரு 2-3. ரெண்டு ரெண்டாப் பார்க்குற டியூபுக்கு அப்படியே பொருந்துது.

வடபழனி_கேஜ்:
சார், இதைப் படிச்சுட்டு நேரா வண்டியில மாட்டிடாதீங்க. கணக்கைப் பாருங்க. 4 மிமீ டியூப்ல ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு எண்ணெய்னா கிட்டத்தட்ட 19 மில்லி. 400 சிசி நாலு சிலிண்டர்ல ஒரு சிலிண்டர் 100 சிசி. கம்ப்ரஷன் 11க்கு 1னா பிஸ்டன் மேல நிக்கும்போது மிச்சமிருக்குற இடம் 10 மில்லிதான். ஒரு பக்க டியூப் நழுவினா, மறுபக்க வாக்குவம் மொத்த எண்ணெயையும் ஒரே மூச்சுல இழுக்கும். திரவம் அமுங்காது. கனெக்டிங் ராட் வளையும்.

நழுவவே வேணாம், கார்ப் ரொம்ப ஏறுமாறா இருந்தாலே போதும். 70 செ.மீ. காலுக்கு அது தாங்குற வித்தியாசம் சுமார் 90 மிமீ பாதரசம். அதைத் தாண்டினா எண்ணெய் மேல ஏறிடும்.

கொளத்தூர்_கார்ப்:
நீங்க சொல்ற ஆபத்து உண்மைதான், முதல்லயே எழுதியிருக்கணும். பலகையில ஒவ்வொரு காலின் உச்சிக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு கண்ணாடி சிரப் பாட்டில் வைங்க, 100 மில்லி. ரெண்டு துளை போட்ட ரப்பர் கார்க், ரெண்டு குட்டைக் குழாய். குழாய் நுனி ரெண்டும் பாட்டில் கழுத்தோட நிக்கணும், அடி வரைக்கும் போகக் கூடாது. எண்ணெய் ஏறினா பாட்டில்லயே விழும். தண்ணி பாட்டில் வைக்காதீங்க, வாக்குவத்துல ஒடுங்கிடும். அந்தப் பாட்டில் காத்துத் துடிப்பையும் அடக்கும், எண்ணெய் குதிக்காது.

அதோட பெஞ்ச் சிங்க் பண்ணாம எதையும் மாட்டக் கூடாது. கார்ப் வெளிய இருக்கும்போதே, பட்டர்ஃபிளை விளிம்பு முதல் பைபாஸ் துளையை நாலுலயும் ஒரே அளவு மறைக்கிற மாதிரி வெச்சுக்கிட்டா, வித்தியாசம் 90 மிமீ கிட்டயே போகாது.

இப்ப உங்க டயலுக்கு வரேன். 0 முதல் 760 மிமீ வரை காட்டுற, 2.5 சதவீதத் துல்லியம்னு போட்ட கேஜ் எவ்வளவு தப்பலாம்? 19 மிமீ. நாலு கேஜ் நாலு திசையில தப்பினா, 20 மிமீக்குள்ள சிங்க் பண்ணியாச்சுன்னு எதை நம்பிச் சொல்வீங்க?

வடபழனி_கேஜ்:
கேஜை அப்படியே நம்பினா அந்தக் கேள்வி சரி. நம்ப வேணாம்னுதான் நானும் சொல்றேன். நாலு கேஜையும் டி ஜாயின்ட் போட்டு ஒரே இன்டேக் போர்ட்ல மாட்டி ஐடில்ல ஓட்டுங்க. காட்டுறது 228, 236, 231, 240னா, மார்க்கர்ல கண்ணாடி மேலயே ஒவ்வொண்ணோட வித்தியாசத்தை எழுதிடுங்க. ஐடில் வாக்குவம் அந்தப் பக்கத்துலதான் நிக்கப் போகுது, வேற இடத்துல முள் எவ்வளவு தப்பினா என்ன.

இன்னும் சுத்தமான வழி, ஒரே ஒரு நல்ல கேஜ், நாலு வால்வு. உங்க மீன் தொட்டிக் கடை வால்வே போதும். நாலு போர்ட்டையும் ஒரே முள் அளக்குது, கேஜ் பிழை நாலுக்கும் பொது. அளக்கிற போர்ட்டைத் தவிர மத்த மூணு வால்வும் இறுக்கமா மூடியிருக்கணும்.

வால்வை எவ்வளவு திறக்கணும்கிறதுலதான் நிறைய பேர் தவறுறாங்க. 1,200 ஆர்பிஎம்ல ஒரு சிலிண்டர் விநாடிக்கு 10 தடவை இழுக்கும். முழுசாத் திறந்தா முள் விசிறி மாதிரி அடிக்கும், உள்ள இருக்குற பல்சக்கரம் தேயும். மூடின நிலையிலேர்ந்து மயிரிழை திறங்க. முள் ஒரு கோட்டு அகலத்துக்கு மட்டும் நடுங்கினா சரி. இப்படி நெருக்கினா சராசரி மாறாது, மெதுவாத்தான் வந்து நிக்கும். ஆனா வால்வுக்கும் கேஜுக்கும் நடுவுல கசிவு இருந்தா அளவு குறைவாக் காட்டும். வாயால இழுத்து, வால்வை மூடி, ஒரு நிமிஷம் முள் அசையாம நிக்குதான்னு பாருங்க.

ரிச்சி_தெரு_சென்சார்:
எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவங்களுக்கு எம்பிஎக்ஸ்4115 அழுத்த சென்சார் நாலு, ஒரு ஆர்டுயினோ (சின்ன கன்ட்ரோலர் போர்டு). 15 முதல் 115 கிலோபாஸ்கல் வரை அளக்கும். முதல்ல இன்ஜின் ஓடாதப்ப நாலும் காட்டுற வெளிக்காத்து அழுத்தத்தைச் சமப்படுத்துங்க, அப்புறம் ரெண்டு விநாடிச் சராசரி எடுங்க. பெட்ரோல் ஆவி சென்சாருக்கு ஆகாது, நீளமான டியூப் போட்டு உயரத்துல வைங்க.

ராயபுரம்_350:
ராஜ்தூத் 350 வெச்சிருக்கவங்க இதைப் பார்த்து கேஜ் வாங்கிடாதீங்க. டூ-ஸ்ட்ரோக், ரீட் வால்வு. அதுல வாக்குவ அளவை வெச்சு சிங்க் பண்ண முடியாது. ஏர் ஃபில்டர் பக்கத்தைக் கழட்டி, ஆக்ஸிலரேட்டரை மெள்ளத் திருக்கி, ரெண்டு ஸ்லைடும் ஒரே கணத்துல கிளம்புதான்னு கேபிள் அட்ஜஸ்டர்ல பாருங்க. அப்புறம் ஆயில் பம்ப் கேபிளையும் சரிபார்க்கணும்.

பழைய பட்டறைகள்ல பாதரசக் குச்சி (பாதரசம் ஊத்தின வாக்குவம் அளவி) கிடைச்சாலும் வேணாம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை பாதரசக் கழிவால 2001ல மூடின கதை நமக்குத் தெரியும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டுனு விட்டா பாதரசம் இன்ஜினுக்குள்ள போய், சைலன்சர் வழியா ஆவியா வெளிய வரும்.

அடையாறு_400:
கார்ப்டியூன் பத்தி யாருமே சொல்லலையே?

வடபழனி_கேஜ்:
நல்ல கருவி. உள்ள ஸ்டீல் கம்பிகள், பாதரசம் கிடையாது, நாலும் ஒரே நேரத்துல தெரியும். செங்குத்தா மாட்டணும், அவ்வளவுதான். நாலஞ்சு வண்டிக்காரங்க சேர்ந்து வாங்கினா அதுதான் என் முதல் தேர்வு. ஒத்தை வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னா ஒரு கேஜ், நாலு வால்வு போதும்.

நாலையும் சேர்த்துப் பார்க்கிறது இங்க ஏன் முக்கியம்னா, சூடு. நின்ன இடத்துல ஓடுற ஏர்கூல்டு இன்ஜின், மே மாச வெயில். ஹெட் சூடேற ஐடிலும் ஏறும், முதல்ல அளந்த சிலிண்டரும் கடைசியும் ஒரே நிலையில இருக்காது. காலையில, வெட்டவெளியில, பெரிய ஃபேனை ஹெட் நேரா வெச்சு, பத்து நிமிஷத்துக்குள்ள முடிங்க.

கொளத்தூர்_கார்ப்:
அந்த வாதம் உங்க ஒத்தைக் கேஜுக்கே எதிரா நிக்குது. அதுல ஒண்ணு அளந்துட்டுத்தான் அடுத்தது. நடுவுல ஐடில் ஏறினா ஒப்பீடே போச்சு. என் டியூப்ல ரெண்டு சிலிண்டரும் ஒரே கணத்துல தெரியும். நாலு போர்ட்லயும் அடாப்டரை முன்னாடியே மாட்டி, டியூபுக்குக் கிளிப் போட்டு வெச்சா ஜோடி மாத்த அரை நிமிஷம்.

வடபழனி_கேஜ்:
ஒத்துக்கிறேன். ஒத்தைக் கேஜ்னா நாலையும் அளந்து முடிச்சதும் முதல் போர்ட்டுக்குத் திரும்பி வரணும். 5 மிமீக்கு மேல நகர்ந்திருந்தா இன்ஜினை அணைச்சு ஆறவிட்டு, மறுபடி முதல்லேர்ந்து.

அடையாறு_400:
பாட்டில் வெச்ச எண்ணெய் டியூபையே செய்றேன். டேங்க் கழட்டினா பெட்ரோலுக்கு டிரிப் பாட்டில் கட்டலாமா?

கொளத்தூர்_கார்ப்:
கட்டாதீங்க. டிரிப் டியூப் பெட்ரோல் பட்டா விறைச்சு, மூட்டுல கழண்டுக்கும். கீழ ஹெடர் (இன்ஜின்லேர்ந்து சைலன்சருக்குப் போற பைப்) கொதிக்குது. சரியான பெட்ரோல் ஹோஸ், ரெண்டு முனையிலும் கிளிப், 500 மில்லி போதும். வாக்குவம் பெட்காக் (வாக்குவத்துல திறக்குற பெட்ரோல் டேப்) இருந்தா அதோட டியூப் வர்ற நிப்பிளை மூடிடுங்க, இல்லேன்னா அந்த ஒரு சிலிண்டர் மட்டும் பொய் சொல்லும். அடாப்டர் எம்5ஆ எம்6ஆன்னு பழைய ஸ்குருவை எடுத்துட்டுப் போய்ப் பார்த்து வாங்குங்க.

வடபழனி_கேஜ்:
மாட்டுறதுக்கு முன்னாடி, ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துல நாலு ஹெடர் பைப்லயும் ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க. மூணுல சுர்ருன்னு காஞ்சு, நாலாவதுல சொட்டு காயாம அப்படியே நின்னா, அந்த சிலிண்டர் எரியல. வாக்குவம் என்ன காட்டினாலும் அது சிங்க் கோளாறு இல்ல. பைலட் ஜெட், பிளக், காயில் பாருங்க.

ஸ்குருவை ஒரு தடவைக்கு ஒரு சுத்துல எட்டுல ஒரு பங்குதான் திருகணும். ஆக்ஸிலரேட்டரை லேசாத் தூக்கி விட்டு, எண்ணெய் நின்னதும் பாருங்க. லாக்நட் வண்டின்னா நட் இறுக்கும்போது அளவு நகரும், இறுக்கின பிறகு திரும்ப அளக்கணும். கடைசியா 3,000 ஆர்பிஎம்ல ஒரு தடவை. ஐடில்ல சமமா இருந்து அங்க பிரிஞ்சா, ஸ்குருவைத் தொடாம டயஃப்ரம் கிழிஞ்சிருக்கான்னு பாருங்க.