எல்லாத் துறையும் ஒரே ஹாலில்: குழந்தைகள் பாதுகாப்பு ட்ரெய்னிங்கில் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

சிவாஜிநகர் அக்கா:

போலீஸ், டிசிபியு (மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு), குழந்தைகள் ஹோம் ஸ்டாஃப், என்ஜிஓ, எல்லோரையும் கலந்து உட்கார வைக்கிற பயிற்சி எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பெங்களூர், ஓசூர் ரோடு பக்கம் ஒரு ஹால். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் ஒரு ஹவுஸ் மதர் (ஹோமில் குழந்தைகளோடு இருந்து பார்த்துக்கொள்பவர்), கோலார் தங்கவயல் தமிழ்க்காரர். காலையிலிருந்து வாயே திறக்காதவர் திடீரென்று எழுந்தார். "மேடம், ஒரு பொண்ணு என்கிட்ட ஒண்ணு சொல்லுச்சு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. இப்ப நான் என்ன பண்ணணும்?"

பக்கத்து டேபிளில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், பெண். ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார். அந்தச் சின்ன சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. கேள்வி கேட்டவருக்கு அப்போதுதான் யார் நடுவில் நின்று பேசுகிறோம் என்று உறைத்தது. அவருடைய ஹோமின் சூப்பிரண்டு முன்வரிசையில் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை, முதுகு மட்டும் நிமிர்ந்தது. பயிற்சியாளர் "டீ பிரேக்" என்றார். டீ இன்னும் வந்திருக்கவில்லை.

அன்று மாலையே புகார் பதிவானது. எஸ்ஐ யூனிஃபார்மை மாற்றிக்கொண்டுதான் குழந்தையைப் பார்க்கப் போனார், போக்சோ 24ஆம் பிரிவு சொல்கிறபடி. குழந்தையைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன், குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிற 23ஆம் பிரிவு உங்களுக்கே தெரியும்.

ஆனால் மார்ச் முடிந்ததும் அந்த அம்மாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணமும் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது சிவில், கிரிமினல் பொறுப்பு எதுவும் வராது என்று 19(7) சொல்கிறது. ஒப்பந்த வேலை போவதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அந்த ஹாலில் போலீஸ் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மெஜஸ்டிக் நைட் டூட்டி:

அக்கா, என்னுடையது சின்னக் கதை. சேலத்திலிருந்து ரயிலேறி வந்துவிட்ட பையன் என்று ஒரு ரோல் பிளே. பையனாக நடித்தவர் ஒரு ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) ஏட்டு, ஐம்பது வயதுக்கு மேல், நல்ல மீசை. நாங்கள் வரிசையாகப் போய்ப் பேச வேண்டும். முதலில் போலீஸ், அடுத்து என்ஜிஓ, அப்புறம் ஹோம் கவுன்சிலர், கடைசியில், இப்படிக் கிடைக்கிற குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழு உறுப்பினராக நடித்தவர். அந்த நாலாவது ஆளும் "ஏம்பா வீட்டை விட்டு வந்தே?" என்று ஆரம்பித்ததும் ஏட்டு விருட்டென்று எழுந்துவிட்டார். "மூணு பேருக்குச் சொல்லியாச்சு சார். அவங்களைக் கேட்டுக்கோங்க." ஹாலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, முகம் நிஜமாகவே சிவந்திருந்தது.

அதற்கப்புறம் பிளாட்பாரத்தில் எந்தப் பையன் கிடைத்தாலும் எனக்கு போன் வரும். "பேரு மட்டும்தான் கேட்டேன், பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்திருக்கேன், வா." 2023க்குப் பிறகு குழந்தைகள் உதவி எண் 1098 அரசுக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய் அவசர எண் 112உடன் சேர்ந்துவிட்டது, முறைப்படி அங்கேயும் சொல்வோம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு உபயோகப்பட்டது அந்த ஹாலில் மாற்றிக்கொண்ட நம்பர்தான். இப்போது அவர் ஹூப்ளிக்கு மாற்றலாகிவிட்டார். வந்திருக்கிற புது ஆளுக்குப் பயிற்சி கிடையாது. பையன்கள் மறுபடியும் நாலு பேரிடம் கதை சொல்கிறார்கள்.

நன்னடத்தை அலுவலர் (ஓய்வு):

என் அனுபவம் இரண்டே வரி. ஐசிபிஎஸ் (ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம்) வந்த புதிதில் ஒரு பயிற்சி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் இன்ஸ்பெக்டர் நன்றாகத் தூங்கிவிட்டார். தட்டி எழுப்பினால் "அக்யூஸ்ட் எங்கே?" என்றார். பேசிக்கொண்டிருந்தது ஆறு வயதுக் குழந்தையைப் பற்றி.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் பயிற்சி நடத்துபவர்கள் யாராவது படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். சிவாஜிநகர் அக்கா சொன்ன இடத்தில் தவறு பயிற்சியாளருடையது. காலையில் முதல் வேலையாக அவர் சொல்லியிருக்க வேண்டியது: இங்கே யாராவது ஒரு நிஜக் குழந்தையைப் பற்றிச் சொன்னால், கேட்ட எல்லோருக்கும் 19ஆம் பிரிவுப்படி தகவல் கொடுக்கும் கடமை வந்துவிடும். மறைத்தால் 21ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பாளர் தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. இதைத் தெரிந்துகொண்டு பேசுவது வேறு, தெரியாமல் பேசி மாட்டிக்கொள்வது வேறு.

அடுத்தது, சூப்பிரண்டையும் அவருக்குக் கீழே வேலை செய்பவரையும் முதல் நாள் ஒரே ஹாலில் வைக்கவே கூடாது. தனித்தனியாக நடத்திவிட்டுக் கடைசி நாள் சேர்க்கலாம். கேள்விகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லலாம். ஸ்லைடைக் குறைத்து ஃபாரத்தை நிரப்ப வையுங்கள். ஒரே கேஸைக் கொடுத்து, குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்தும்போது தருகிற 17ஆம் எண் படிவத்தைப் போலீஸும் என்ஜிஓவும் தனித்தனியாக எழுதட்டும். 22ஆம் எண் சமூக விசாரணை அறிக்கையை டிசிபியுவும் ஹோமும் எழுதட்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே குழந்தைக்கு நாலு ஊர், மூன்று வயது, இரண்டு அப்பா இருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, "அலுவலகத்துக்கு ஒருவரை அனுப்பவும்" என்று கடிதம் போட்டால் அன்றைக்கு வேலை இல்லாதவர்தான் வருவார். பதவியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் சம்வாத் மாதிரி குழந்தைகள் மனநலப் பயிற்சிக்கென்று ஒரு மையத்தை ஊரிலேயே வைத்துக்கொண்டு, யாரோ எழுதின பழைய ஸ்லைடை ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ராத்திரி டூட்டி அம்மா:

நன்னடத்தை சார், பெட்டியில் சீட்டுப் போடச் சொல்கிறீர்கள். எங்கள் கையெழுத்து சூப்பிரண்டுக்குத் தெரியாதா? தினமும் ரிஜிஸ்டர் எழுதுகிறோமே.

நான் ஹவுஸ் மதர்தான், எந்த ஹோம் என்று கேட்காதீர்கள். தனித்தனியாக வைத்திருந்தால் அந்த அம்மா சொன்னது முதலில் சூப்பிரண்டு காதுக்குப் போயிருக்கும். போலீஸ் காதுக்குப் போயிருக்குமா என்பது சந்தேகம். நடுவில் நாலு பேர் "யோசிச்சுச் செய்யலாம்" என்றிருப்பார்கள். எல்லோரும் ஒன்றாகக் கேட்டதால்தான் யாராலும் கேட்காத மாதிரி இருக்க முடியவில்லை. அவர் தெரியாமல் உளறிவிட்டார் என்று எழுதுகிறீர்கள். காலையிலிருந்து யோசித்துத்தான் எழுந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் சம்பவம் வேறு. ஒரு பயிற்சியில் தரையில் வட்டம் போட்டு நடுவில் ஒரு பொம்மை வைத்தார்கள், அதுதான் குழந்தை. சுற்றிலும் அச்சடித்த அட்டைகள்: போலீஸ், டாக்டர், வக்கீல், கவுன்சிலர், டீச்சர், குழு. அவரவர் அட்டையை எடுத்துக் குழந்தைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோமோ அங்கே வைக்க வேண்டும். ஹவுஸ் மதர் என்று ஓர் அட்டையே இல்லை. கேட்டேன். "ஓ, வெற்று அட்டை தரேம்மா, எழுதிக்கோங்க" என்றார்கள். ஸ்கெட்ச் பேனா தீர்ந்துவிட்டதால் பென்சிலில் எழுதி வைத்தேன். மாலையில் எல்லோரும் அந்த வட்டத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோவில் என் அட்டையில் எழுதியிருப்பது தெரியவே இல்லை, வெள்ளையாக இருக்கிறது.

அதோடு, நான் பயிற்சிக்கு வந்தால் என் ராத்திரி டூட்டியை இன்னொரு அம்மா சேர்த்துப் பார்க்கிறார். அதை எந்தச் சான்றிதழிலும் போடுவதில்லை.

சிவாஜிநகர் அக்கா:

நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம் அம்மா. எழுந்திருப்பதற்கு முன்னால் அவர் இரண்டு முறை பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இப்போது பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கிரெச்சில் வேலை, சம்பளம் குறைவு. நான் போன் செய்தால் எடுக்கிறார், அந்தப் பேச்சு மட்டும் எடுப்பதில்லை.

நன்னடத்தை சார், சூப்பிரண்டுகளை முதல் நாள் தள்ளி வைப்பதை ஒப்புக்கொள்கிறேன். போலீஸைத் தள்ளி வைப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மெஜஸ்டிக் நைட் டூட்டி:

சார், சண்டை நடுவில் ஒரு கேள்வி. மாற்றலாகி வந்த புது ஆளைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி யாருக்கு எழுத வேண்டும்?

நன்னடத்தை அலுவலர் (ஓய்வு):

சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 107(3)ஐக் குறிப்பிட்டு எழுதுங்கள். குழந்தைகள் நலக் காவல் அலுவலராகப் பொறுப்பேற்கும்போதே சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. சிறப்புச் சிறார் காவல் பிரிவின் தலைமை அதிகாரிக்கு அனுப்பினால் போதும், அவர் டிஎஸ்பி பதவிக்குக் குறையாதவராக இருப்பார்.

மெஜஸ்டிக் நைட் டூட்டி:

சார், அவர் ஆர்பிஎஃப். ரயில்வே அமைச்சகத்தின் கீழே வருகிறவர். உங்கள் டிஎஸ்பி சொன்னால் அவர் எதற்கு வருவார்?

நன்னடத்தை அலுவலர் (ஓய்வு):

அப்படியானால் ஆர்பிஎஃப்பின் டிவிஷனல் செக்யூரிட்டி கமிஷனருக்கு எழுதுங்கள். நகல் டிசிபியுவுக்கும் குழுவுக்கும். ஹூப்ளிக்குப் போன ஏட்டின் நம்பர் இருந்தால் புது ஆளிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், கடிதம் நகருவதற்குள் அது நடந்துவிடும்.