புதுப்பிப்பு: காலையில் கிளம்ப மறுத்த டீசல் டிராக்டர்

காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால்தான் டிராக்டர் கிளம்புகிறது, பகலில் தொல்லையில்லை என்று முன்பு எழுதியிருந்தேன், காரணம் தெரிந்துவிட்டது. சுழற்றும்போது புகைபோக்கியில் எரியாத டீசலின் வெண்புகைகூட வராததால், டீசலே சிலிண்டரைச் சேரவில்லை என்று கணித்து, டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டேங்கின் டீசலை இழுத்து அனுப்பும் பம்ப்) வரையுள்ள குழாயை முதலில் ஆராய்ந்தோம். அது உறிஞ்சும் பக்கம் என்பதால், அங்கே விரிசல் விட்டால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே புகும். எனவே கசிவு தெரியவில்லை என்பதை வைத்துக் குழாய் நலம் என்று முடிவுகட்ட முடியாது. பம்புக்கு முன்னால் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தியதும் குமிழிகள் ஓடுவது தெரிந்தது; இரவு முழுக்க நிற்கும்போது இந்தக் காற்று குழாயில் சேர்ந்ததால்தான் காலையில் தொல்லை. வெடித்திருந்த ரப்பர் குழாயையும் இணைப்பின் செப்பு வாஷர்களையும் மாற்றி, ஃபில்டரின் காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழியில்லாத டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்தோம். இப்போது காலையிலும் உடனே கிளம்புகிறது. இன்ஜெக்டர்களை (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகங்களை) சோதிக்கச் சொன்ன நண்பர்களுக்கு: அவற்றைக் கழற்ற வேண்டிய தேவையே எழவில்லை.