மறுமொழி: உயர்கதி விம்பமாக்கல் – ஒரு சொல் போதுமா?

தம்பி,

> ‘உயர்கதி விம்பமாக்கல்’ என்றே வைத்துவிடலாமே?

கண்ணுக்கு எட்டாத விரைவில் நடப்பதைக் கமராவில் பிடிக்கும் ‘high-speed imaging’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகையில், ‘அதிவேகம்’ வேண்டாம் என்று நீங்கள் சொன்னது சரி. எங்கள் பௌதிகவியலில் வேகத்துக்குத் திசை உண்டு, கதிக்கு இல்லை. ஆனால் இங்கே யாருடைய கதி? கமரா ஓடுவதில்லையே. ஓடுவது நாங்கள் படமெடுக்கும் பொருள். ஆகவே ‘உயர்கதி நிகழ்வு’ என்பதோடு அந்தச் சொல்லை நிறுத்திக்கொள்வோம்.

தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெசினையே எடுங்கள். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன். நாலடிப்பு எஞ்சினில் வால்வ் திறந்து மூட ஏறக்குறைய 13 மில்லிசெக்கன் போகும். செக்கனுக்கு 30 சட்டகம் (frame, அதாவது தனிப்படம்) எடுக்கிற போனில் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளியே 33 மில்லிசெக்கன். வால்வ் திறந்ததே பதியாமல் போய்விடலாம். செக்கனுக்கு 10,000 சட்டகம் என்றால் அந்தத் திறப்புக்கு மட்டும் 130 படம். ஸ்பிரிங் தளர்ந்த வால்வ், மூடும்போது தான் அமரும் இருக்கையில் (seat) மோதி, எழும்பி, திரும்ப அமர்வதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

அது மட்டும் போதாது. வால்வ் செக்கனுக்கு 2 மீற்றர் கதியில் வருகிறதென்று வையுங்கள். ஒரு சட்டகத்தில் ஒளி 1 மில்லிசெக்கன் விழுந்தால் விளிம்பு 2 மில்லிமீற்றருக்குக் கலங்கும். 10 மைக்ரோசெக்கன் என்றால் 0.02 மில்லிமீற்றர்தான், ஆனால் அதற்குக் கடும் வெளிச்சம் வேண்டும்.

ஆக, அடுத்தடுத்து நிறையச் சட்டகம் எடுப்பதும், ஒளியை மிகக் குறுகிய நேரம் மட்டும் விழவிட்டுக் கலங்காமல் எடுப்பதும் இரண்டு வேறு ஆற்றல்கள். 1878இல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் 12 கமராக்களை வரிசையாக வைத்துக் குதிரையோட்டத்தைப் பிடித்தது முதலாவது வகை. அமெரிக்கப் பொறியியலாளர் எட்ஜெர்ட்டன் கணநேரமே மின்னும் மின்வெட்டொளியால் (flash) அப்பிளைத் துளைத்துப் போகும் குண்டைப் பிடித்தது இரண்டாவது. அங்கே இருப்பது ஒரேயொரு படம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறது. அதை நாங்கள் அப்படியே காவத் தேவையில்லை.

முதலாவதுக்கு ‘செறிசட்டகப் பதிவு’, இரண்டாவதுக்கு ‘கணவொளிப்படம்’ என்பது என் முன்மொழிவு. ‘சட்டக வீதம்’, ‘ஒளிபடு நேரம்’ என்ற அளவுகளும் இவற்றோடு இயல்பாகப் பொருந்தும். ‘மெதுவியக்கம்’ (slow motion) திரையில் போட்டுக்காட்டும் விதத்தைச் சொல்வது. எடுக்கும் முறைக்கு அது வேண்டவே வேண்டாம்.

இப்படியான கமராவின் பதிவுப் பட்டனுக்கு (trigger) நீங்கள் சொன்ன ‘தொடக்கி’யும் பொருந்தாது. பதிவு முன்பே ஓடிக்கொண்டிருக்கும். நினைவகம் நிரம்ப நிரம்பப் பழைய சட்டகங்கள் அழிந்து புதியவை ஏறும். பட்டனை அமத்தினால் அதுவரை இருந்தது அழியாமல் காக்கப்படும். ‘பதிவுப்பூட்டு’ என்று எழுதிப் பார்த்தேன். உங்கள் ஆய்வுகூடத்துப் பெடியளின் வாயில் அது வருமா என்று கேட்டுச் சொல்லுங்கோ.